ஒளிப்படச் சாவடி

ஒளிப்படச் சாவடி அல்லது போட்டோ பூத் என்பது, ஒளிப்படக் கலைஞர் ஒருவர் இல்லாமலேயே, உள்ளே அமர்பவரை அல்லது முன்னே நிற்பவரைப் படம் எடுத்து உடனடியாக அச்சிட்டுத் தரும் பொறி ஆகும். தொடக்கத்தில் இது தொடருந்து நிலையங்கள், கடைத்தெருக்கள், பொருட்காட்சிகள் போன்ற இடங்களில் காசு போட்டு இயக்கும் பொறியாக இருந்தது. இன்று திருமணம், பிறந்தநாள், நிறுவன விழா போன்ற நிகழ்வுகளுக்கு வாடகைக்கும் அமர்த்தப்படுகிறது. இந்தியத் திருமணங்களில், படம் எடுத்துக்கொள்வதற்காக அமைக்கப்படும் அலங்காரப் பின்னணியை மட்டும் போட்டோ பூத் என அழைப்பதும் உண்டு. இக்கட்டுரை பொறியைப் பற்றியது.

வரலாறு

தானியங்கி ஒளிப்படப் பொறிகளை உருவாக்கும் முயற்சிகள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கின. எனினும் வணிக வெற்றி பெற்ற முதல் சாவடி, சைபீரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அனத்தோல் யோசெப்போ உருவாக்கிய போட்டோமேட்டன் ஆகும். இது 1925 இல் நியூயார்க் நகரின் பிராட்வே தெருவில் திறக்கப்பட்டது. 25 சென்ட் செலுத்தியவருக்கு ஏறத்தாழ 8 நிமிடங்களில் 8 படங்கள் கொண்ட பட்டை கிடைத்தது. எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல உதவியாளர் ஒருவரும் அருகில் இருந்தார். 1927 இல் இதன் உரிமை 10 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. 1995 இல் சப்பானில் அட்லசு, சேகா நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய புரிகுரா என்னும் ஒட்டுப்படப் பொறி இளைஞரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது.

இயங்கும் முறை

பழைய சாவடிகளில் படச்சுருள் இல்லை. ஒளியுணர் தாளின் மீதே படம் பதிவாகி, அத்தாள் பொறியினுள் வரிசையாக வைக்கப்பட்ட வேதிக் கரைசல்களில் தோய்ந்து வெளிவரும். எதிர்ப்படம் உருவாகாததால் ஒவ்வொரு பட்டையும் ஒற்றைப் படியாகும். அதை எடுத்துச் சென்றவரிடம் மட்டுமே அது இருக்கும்.

இன்றைய எண்ணிமச் சாவடியில் ஒளிப்படக்கருவி, விளக்கு, தொடுதிரை, கணினி, அச்சுப்பொறி ஆகியவை உள்ளன. பெரும்பாலும் சாயப் பதங்கமாதல் வகை அச்சுப்பொறியே பயன்படுகிறது. இதில் மஞ்சள், கருஞ்சிவப்பு, மயில்நீலச் சாயங்கள் நாடாவிலிருந்து வெப்பத்தால் தாளுக்கு மாற்றப்பட்டு, மேலே காப்புப் படலம் இடப்படுகிறது. படம் உலர்ந்த நிலையிலேயே வெளிவருவதால் கைபட்டு அழியாது.

வகைகள்

- மூடிய வகை: திரைச்சீலையும் இருக்கையும் கொண்டது. தனிமை கிடைக்கும், இரண்டு அல்லது மூன்று பேருக்கே இடம் போதும். சக்கர நாற்காலியில் வருவோருக்கு ஏற்றதன்று.
- திறந்த வகை: தாங்கியில் பொருத்தப்பட்ட கருவியும் பின்னணித் திரையும் கொண்டது. குடும்பமாக நின்று படம் எடுக்கலாம்.
- கண்ணாடி வகை: ஒளி ஊடுருவும் ஆளுயரக் கண்ணாடியின் பின்னால் கருவி மறைந்திருக்கும்.
- 360 பாகை வகை: மேடையில் நிற்பவரைச் சுற்றிக் கருவி தாங்கிய கை சுழலும். இது தருவது நிகழ்படமே. மேடையிலிருந்து தவறி விழாமலும், சுழலும் கையில் பிறர் மோதாமலும் இருக்கச் சுற்றிலும் இடம் விட வேண்டும்.

வாடகைக்குத் தேர்ந்தெடுத்தல்

எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் படம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதே தேர்வின் அடிப்படை. அச்சிடும் நேரம் சில வினாடிகளே எனினும், ஒரு குழு வந்து நின்று, மூன்று அல்லது நான்கு படம் எடுத்து விலக ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும் எனக் கொள்ளலாம். அவ்வாறாயின் ஒரு மணி நேரத்தில் 30 குழுக்கள் அமையும். 200 விருந்தினர் மும்மூவராக வந்தால் 67 குழுக்கள். இதற்கு இரண்டேகால் மணி நேரம் தேவை. விருந்தினர் சீராக வராமல், உணவுக்குப் பின் ஒரே நேரத்தில் கூடுவதால் மூன்று மணி நேர வாடகை பொருத்தமானது. 400 பேர் எனில் இரண்டு சாவடிகளோ, ஆறு பேர் நிற்கக்கூடிய திறந்த வகையோ வேண்டும்.

படிகளின் எண்ணிக்கையும் கணக்கிடத்தக்கது. 4×6 அங்குலத் தாள் ஒன்று இரண்டு பட்டைகளாக வெட்டப்படும். மூவருக்கும் ஆளுக்கொரு பட்டை வேண்டுமெனில் குழுவுக்கு இரண்டு தாள்கள் செலவாகும். மேற்கண்ட 67 குழுக்களுக்கு 134 தாள்கள் தேவை. வரம்பற்ற படிகள் என்னும் விளம்பரம், ஆளுக்கொரு படியைக் குறிக்கிறதா, குழுவுக்கு ஒரு படியையா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

- பொறியை நிறுவும் நேரம் வாடகை நேரத்தில் அடங்குமா என்பது.
- உதவியாளர் ஒருவர் இறுதிவரை உடனிருப்பாரா என்பது. தாள் சிக்கினாலோ நாடா தீர்ந்தாலோ சரிசெய்ய ஆள் இல்லாவிடில் சாவடி பயனற்றதாகிவிடும்.
- மாற்று அச்சுப்பொறியும் கூடுதல் நாடாவும் கொண்டுவரப்படுமா என்பது. நிகழ்வு முடிந்தபின் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். படத்தைத் திரும்ப எடுக்க இயலாது.
- மின் இணைப்பு. ஒலிபெருக்கி, உணவு சூடாக்கும் கருவி ஆகியவற்றுடன் ஒரே இணைப்பைப் பகிராதிருப்பது நல்லது.
- இடம். திறந்த வகைக்கு ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் தேவைப்படும். வெளியரங்கில் நேரடி வெயில், காற்று, தூசி ஆகியவற்றிலிருந்து காப்பு வேண்டும்.
- இணைய இணைப்பு இல்லாதபோதும் அச்சிடுமா என்பது.

படங்களின் உரிமையும் தனியுரிமையும்

பழைய பட்டைக்கு மாறாக, எண்ணிமச் சாவடியில் எடுத்த படத்தின் படி ஒன்று வாடகைக்கு விட்டவரின் கணினியிலும் தங்குகிறது. படத்தை அனுப்புவதற்காக விருந்தினர் தரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் அதனுடன் சேர்கின்றன. அச்சுப்பொறியில் பயன்பட்டுத் தீர்ந்த நாடாவில்கூட அச்சான உருவங்களின் தடம் எஞ்சியிருக்கும்.

எனவே கோப்புகள் யாரிடம் ஒப்படைக்கப்படும், எப்போது அழிக்கப்படும், விளம்பரத்திற்குப் பயன்படுத்தப்படுமா என்பவற்றை எழுத்தில் பெறுவது முறை. குழந்தைகளின் படங்களில் இது மேலும் இன்றியமையாதது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இத்தகைய தரவுகளுக்கும் பொருந்தும். இந்தியாவில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- ஒளிப்படவியல்
- எண்ணிம ஒளிப்படக்கருவி
- தனியுரிமை