பாதை ஒன்று, கணக்கு நூறு

பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குச் சரக்கு லாரி அனுப்புகிறவருக்கு எந்த வழி என்ற குழப்பம் கிடையாது. நார்ஸ்மனில் தொடங்கி, நல்லார்போர் பொட்டல்வெளியைக் கடந்து போர்ட் அகஸ்டா சேரும் ஏர் நெடுஞ்சாலைதான் வழி. ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். முழுக்கத் தார் போட்டு முடித்ததே 1976-ல்தான். வடக்கே ஒரு மண்பாதை உண்டு. அதில் பூர்வகுடி நிலங்களைக் கடக்க அனுமதிச்சீட்டு வேண்டும். தார்ச்சாலையிலேயே சுற்றுவதென்றால் கண்டத்தின் வடகோடிவரை போய்த் திரும்பவேண்டும். ஆக, ரூட் போடுகிறவர் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான்.

டீசல் கணக்கு பெரிய வித்தையல்ல. இரண்டு டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குப் பாரம் ஏற்றினால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. அதனால்தான் ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும் டேங்குகள். வழியில் பங்க், சாப்பாடு, லாட்ஜ் எல்லாம் ஒன்றாக இருக்கும் ரோட்ஹவுஸ்கள் உண்டு. அங்கே விலை கடிக்கும். நார்ஸ்மனை விட்டால் பாலடோனியா வரை சுமார் 190 கிலோமீட்டருக்கு அதுவும் இல்லை. குளிர்சாதன டிரெய்லருக்குத் தனி டீசல் டேங்க். அது காலியானால் இன்ஜின் ஓடும், இறைச்சி கெடும்.

தூக்கக் கணக்கில்தான் ஆட்டம். பாலடோனியாவைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு. ஸ்டியரிங்குக்கு வேலையே இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தை அசதியோடு வருகிறவன் தலையில் கட்டக்கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சாதாரண விதிப்படி 24 மணி நேரத்தில் 12 மணி நேரந்தான் வேலை. ஏழு மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு கட்டாயம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் சட்டம் வேறு. இது போதாதென்று வழியில் வரும் யூக்லா பக்கத்துக் கடிகாரம் பெர்த்தைவிட 45 நிமிடம் முந்தி ஓடும். அந்தி சாய்ந்தால் கங்காருகள் சாலைக்கு வரும். இத்தனையும் பார்த்துச் சில கம்பெனிகள் இரண்டு டிரைவர்களை ஏற்றிவிடுகின்றன. ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்படுக்கையில் தூங்குவார். ஓடுகிற லாரியில் எவ்வளவு தூக்கம் வருமோ!

மாநிலம் விட்டு மாநிலம் போனால் விவசாயச் சோதனை. மேற்கே போகும் வண்டியை பார்டர் வில்லேஜிலும், கிழக்கே வருவதை செடூனாவிலும் நிறுத்துவார்கள். பழ ஈ பயம். சரக்குக்குச் சான்றிதழ் கையில் இருந்தாலும், டிரைவர் கொறிக்க வைத்திருக்கும் ஆப்பிள் அங்கே குப்பைத்தொட்டிக்குத்தான்.

இத்தனையும் சரியாகப் போட்ட திட்டத்தைத் தீ எரித்துவிடும். 2019 டிசம்பர் கடைசியில் நார்ஸ்மன் பக்கம் பற்றிய காட்டுத்தீயால் இந்தச் சாலை பத்து நாளுக்கு மேல் மூடிக்கிடந்தது. லாரிகள் ரோட்ஹவுஸ் வாசல்களில் வரிசை கட்டின. 2022 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலிய வெள்ளம் ரயில் பாதையை அறுத்தபோது பெர்த் கடைகளில் அலமாரிகள் காலியாகின. அப்போது ரயில் சரக்கில் ஒரு பகுதியும் லாரிகளின் தலையில்தான் விழுந்தது. ஓட்டத்தான் போதுமான டிரைவர்கள் இல்லை.