573 பாகையில் தடுமாறும் மணல்

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை குவாட்சைட்டுப் பாறை. குவாட்ஸ் மணிகள் பூமிக்கடியில் வெந்து, நெரிபட்டு, ஒன்றாய் இறுகிய கல் அது. அங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை கறுத்துக் கிடக்கும். கறுப்பு, இல்மனைட்டின் நிறம். அதோடு ரூட்டைலும் சிர்கோனும் கலந்திருக்கின்றன.

குவாட்சும் சிர்கோனும் பார்வைக்கு மணல்தான். சூடாக்கினால்தான் வேறுபாடு தெரியும்.

உருக்கு வார்க்கும் அச்சுக்கு வழக்கமாகக் குவாட்ஸ் மணலையே எடுப்பார்கள், மலிவு. சுமார் 1,600 பாகை செல்சியஸ் உருக்கை ஊற்றியதும் மணல் விரிகிறது. 573 பாகைக்குள் அதன் நீளம் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கூடிவிடும். அந்த வெப்பநிலையில் படிகத்தின் அமைப்பே மாறுகிறது. அச்சு வெடிக்க, வெடிப்பில் உருக்கு புகுந்து வார்ப்பின் மேல் நரம்புபோல் தழும்பு விழும். சிர்கோனின் விரிவு இதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இடையில் துள்ளலும் இல்லை.

காரணம் அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. இரண்டிலும் ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஒட்சிசன் உண்டு. குவாட்சில் இந்த நான்முகிகள் மூலைக்கு மூலை மட்டும் பிணைந்தவை; சூட்டில் சேர்ந்து திரும்ப இடமுண்டு. சிர்கோனிலோ அவை தனித்தனியாக நிற்க, சிர்க்கோனியம் அணுக்கள் எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

குவாட்சின் இந்தத் திரும்பலை முதலில் ஒளியால் பிடித்தவர்களில் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் ஒருவர். 1940இல் பெங்களூரில் அவரும் உடன் ஆய்ந்த நெடுங்காடியும் குவாட்சைச் சூடாக்கி அதன் நிறமாலையைப் பதிந்தார்கள். 573 பாகையை நெருங்க நெருங்க ஒரு குறிப்பிட்ட அதிர்வின் அதிர்வெண் இறங்கிக்கொண்டே போனது. படிகத்தைப் பிடித்திருந்த விறைப்பு தளர்வதன் அடையாளம் அது. மீள்தன்மை அளவுகளும் அதே இடத்தில் குலைகின்றன. நோபல் பரிசு பெற்ற ஆய்வின் நிழலில் இது மறைந்துபோனது என்பேன்.

புல்மோட்டையின் சிர்கோன் கலந்த மணலைக் கையாள 1957இல் அரசு நிறுவனம் அமைந்தது. பிரித்தெடுத்த கனிமம் இன்றும் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. சிர்கோனை அச்சு மாவாகவோ தீச்செங்கல்லாகவோ இங்கேயே ஆக்காதவரை, அந்த இறுக்கமான அடுக்கின் இலாபம் வெளிநாட்டு ஆலைகளுக்கே.