பித்தளைக்குள் தங்கும் மூச்சு

கொழும்பு ஹெவ்லொக் பார்க்கில் பாடசாலை றக்பி ஆட்டம் என்றால் பப்பரே எனும் பித்தளை வாத்திய இசைக்குக் குறைவிருக்காது. முழக்கம் ஓய்ந்து கூட்டம் கலைந்த பின்னும் ட்ரம்பெட்டின் உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டேயிருக்கிறது. அது வேதியியலின் வேலை.

சுருளை நீட்டினால் ட்ரம்பெட் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் குழாய். நம் மூச்சு ஈரம் நிறைந்தது. குழாய்ச் சுவர் உடம்பைவிடக் குளிர்ந்தது. அதனால் ஈரம் உள்ளே நீராகப் படிகிறது. கூடவே எச்சில், இடைவேளையில் குடித்த சோடாவின் சீனி, வால்வு எண்ணெய் எல்லாம் சேர்ந்து வழவழப்பான படலமாகின்றன.

இக்கருவிகளின் பித்தளையில் பெரும்பாலும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அமிலம் கலந்த ஈரமும் உப்பும் தொடர்ந்து பட்டால் துத்தநாகம் கரைந்து போய்விடும். கடற்பஞ்சு போலத் துளைபட்ட செம்பு மிஞ்சும். வெளியே ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால், அரிப்பு உள்ளிருந்து கிளம்பி மேற்பரப்புக்கு வந்துவிட்டது என்று பொருள். மவுத்பீஸை அடுத்த குழாய்தான் முதலில் கெடும். சில தயாரிப்பாளர்கள் அந்தத் துண்டைத் துத்தநாகம் குறைந்த பித்தளையில் செய்வது அதனால்தான்.

நம்மவர்களோ வெளிப்புறத்தைத்தான் தேய்க்கிறார்கள். அதிலும் அமோனியா கலந்த திரவம் என்றால் எனக்குப் பயம். பிரித்தானிய இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், கூட்டை வடித்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அப்படிச் செய்தன என்பது 1921இல்தான் தெளிவானது. தோட்டாக் கூடும் அதே 70:30 பித்தளைதான்.

தேர்ந்த திருத்துநர் கருவியை முழுதாகக் கழற்றுவார். வெந்நீர் வேண்டாம், அரக்குப் பூச்சு உரியும்; இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் நெளியும் தூரிகையும் போதும். அதற்கும் அசையாத களிம்புக்கு நீர்த்த அமிலக் குளியல். நேரம் கூடினால் அமிலமே துத்தநாகத்தை உரித்துவிடும், எனவே அவர் கண் கடிகாரத்தில் இருக்கும். சில பட்டறைகளில் காதுக்கு எட்டாத ஒலியை நீரில் செலுத்துகிறார்கள். நுண்குமிழிகள் தோன்றி உடையும் விசையில் மூலையிலுள்ள அழுக்கும் கழன்று வரும். பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருப்பது மில்லிமீற்றரின் நூற்றில் சில பங்கு இடைவெளிதான். பொலிஷ் துகள் அங்கே புகுந்தால் கீறல் விழும், காற்று கசியும். ஒடுக்கு எடுப்பது தனிக் கலை: உள்ளே உருக்குக் குண்டைச் செலுத்தி, வெளியிலிருந்து உருட்டி நிமிர்த்துவார்கள். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும், சூடாக்கினால்தான் மறுபடி இளகும்.

இது கருவியின் ஆயுளோடு நிற்கும் விஷயமும் இல்லை. பல ஆண்டுகள் இருமலால் அவதிப்பட்ட ஓர் அமெரிக்க ட்ரொம்போன் கலைஞரின் கருவிக்குள் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளர்ந்திருந்ததை மருத்துவர்கள் 2010இல் பதிவு செய்தார்கள். கருவியை ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் இருமல் தணிந்தது.

பாடசாலை வாத்தியக் குழுப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாசித்து முடிந்ததும் நீரை வடித்துவிடச் சொல்லுங்கள், மவுத்பீஸை வாரம் ஒருமுறை கழுவச் செய்யுங்கள், ஆண்டுக்கொருமுறை கருவியைத் திருத்துநரிடம் கொடுங்கள். பளபளப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.