உள்ளித்தீயல் எங்கே கிடைக்கும்?

சென்னையாகட்டும், மதுரையாகட்டும், கோயம்புத்தூராகட்டும், கடைத்தெருவில் நடந்து போனால் "நாகர்கோவில் நேந்திரம் சிப்ஸ்" என்று பலகை மாட்டிய கடை ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. நாக்கினாலேயே பெயர் வாங்கிய ஊர் அது. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, "குடும்பத்தோடு உங்கள் ஊருக்கு வருகிறோம். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார். கொஞ்சம் யோசிப்பார். பிறகு முகமெல்லாம் மலர, "எங்க வீட்டுக்கு வாங்களேன்!" என்பார்.

உபசாரம் உண்மையானதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் வீட்டு அம்மாளைக் கேட்டுக்கொண்டுதான் இந்த அழைப்பை விடுத்தாரா என்பது வேறு விஷயம்!

நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டின் பெருமையும் இதுதான், சங்கடமும் இதுதான். அதன் உயர்ந்த பண்டங்களெல்லாம் ஓட்டல் பலகையில் ஏறாமல் அடுக்களையிலேயே தங்கிவிட்டன. உதாரணத்துக்கு உள்ளித்தீயலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளி என்றால் அங்கே சின்ன வெங்காயம். ஒரு தேங்காயைத் துருவி, கொத்தமல்லி விதையும் மிளகாய் வற்றலும் சேர்த்து, நிதானமான தீயில் வறுக்க வேண்டும். வெள்ளைத் தேங்காய் பொன்னிறமாகி, பிறகு சிவந்து, காப்பித்தூள் நிறத்துக்கு வரும் வரையில் கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. தீய்வதற்கு ஒரு நூலிழை முன்னால் இறக்க வேண்டும். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது! பிறகு எண்ணெய் கசிகிற வரையில் மைபோல் அரைத்து, புளியைக் கரைத்து விட்டு, வதக்கிய உள்ளியைப் போட்டுக் கொதிக்க வைத்தால், தெருமுனை வரையில் வாசனை போகும். பாகற்காயிலும் வைக்கலாம், கத்திரிக்காயிலும் வைக்கலாம். மறுநாள் இன்னும் ருசி.

மிக்ஸி வந்த பிறகு அம்மியில் அரைக்கிற பாடு போயிற்று. வறுக்கிற பாடு போகவில்லை. ஓட்டல்காரர் இதைத் தொட அஞ்சுவதில் ஆச்சரியம் என்ன? சாம்பார் என்றால் அண்டா நிறைய வைத்துக்கொண்டே போகலாம். தீயலுக்கு வறுக்கும்போது ஒரு நிமிஷம் கை அசந்தால் அண்டா முழுவதும் கசந்துபோகும்.

இப்படியொரு சமையல் அங்கே வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாக்களும் சேர்ந்ததுதான் சரியான நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்து, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே நெற்களஞ்சியமாக இருந்தது. 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்ததும் வயல்களுக்கு நீர் இன்னும் உறுதிப்பட்டது. வயலில் நெல், வரப்புக்கு அப்பால் தென்னை, இரண்டு நாழிகைப் பிரயாணத்தில் கடல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒருத்தி சும்மா இருப்பாளா?

1956-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி கல்குளம், விளவங்கோடு உள்பட நான்கு தாலுகாக்கள் தமிழ் ராஜ்யத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. அடுப்பு மட்டும் எல்லைக் கோட்டை லட்சியம் செய்யவில்லை. அவியலும் எரிசேரியும் புளிசேரியும் இந்தப் பக்கமே இருந்துவிட்டன. சென்னையிலிருந்து போகிறவர்கள் ஒரு வார்த்தையில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே இலையில் "கிச்சடி" என்று வைத்தால் ரவையைத் தேடாதீர்கள். வெள்ளரிக்காயும் தேங்காயும் கடுகும் அரைத்துத் தயிரில் கலந்த குளிர்ச்சியான கறி அது.

சரி, வெளியூரிலிருந்து போகிறவர்கள் என்னதான் செய்வது? ஓட்டலின் பெயரைச் சொல்லி நான் வழிகாட்டப் போவதில்லை. ஒருவரைப் புகழ்ந்தால் எதிர்க்கடைக்காரர் கோபித்துக்கொள்வார். தவிர, அந்த ஊரில் எங்கே சாப்பிடுகிறோம் என்பதைவிட எந்த வேளையில் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

காலையில் வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கினால், ஆவி பறக்கும் புட்டுக் குழாயைத் தேடிப் போங்கள். புட்டுக்கு வேகவைத்த சிறுபயறு, ஒரு பப்படம், ஒரு பழம். மூன்றையும் புட்டோடு சேர்த்துக் கையால் நொறுக்கிப் பிசைய வேண்டும். நாசூக்காகக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இதன் ரகசியம் கடைசி வரையில் தெரியாது. தொண்டையில் இறங்கக் கருப்பட்டிக் காப்பி கிடைத்தால் விடாதீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் ஓட்டலுக்கு ஓட்டல் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் சாம்பாருக்குப் பிறகு ரசத்துக்கு அவசரப்பட்டுக் குழி பறித்துவிடாதீர்கள். இடையில் புளிசேரி வரும். புளித்த மோரும் தேங்காயும் ஜீரகமும் சேர்ந்த மஞ்சள் குழம்பு அது. காரம் மட்டு. பிள்ளைகள் பேசாமல் சாப்பிடுவார்கள்.

என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருப்பது நாகர்கோவிலில். போன தடவை போயிருந்தபோது இருவருமாக ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பரிமாற வந்த பையனிடம் அவள், "தீயல் உண்டா தம்பி?" என்று கேட்டாள்.

"தீயலா? அது வீட்டுல வைக்கதுல்லா அக்கா! இங்க யாரு கேக்கா?" என்று சிரித்தான் பையன்.

"வீட்டில் நான்தான் வைக்கிறேன். யாராவது வைத்துக் கொடுத்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன்" என்றாள் அவள்.

பையனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கல்லாவில் இருந்த பெரியவர் காதில் இது விழுந்துவிட்டது. "கேட்டாத்தானம்மா வைக்க முடியும்? வியாழக்கிழமை வாங்க, வைக்கச் சொல்லுகேன்" என்றார். வியாழக்கிழமை நான் ஊர் திரும்பிவிட்டேன். அவள் மறக்காமல் போனாளாம். கத்திரிக்காய்த் தீயல். காரம் ஒரு சிட்டிகை கூடுதல், வறுவல் கொஞ்சம் குறைவு என்று டெலிபோனில் குற்றப்பத்திரிகை வாசித்தாள். ஆனால் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதையும் அவளே சொன்னாள்!

"வீட்டுச் சாப்பாடு மாதிரி" என்று ஓட்டலைப் புகழ்கிறார்கள் ஆண்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டை ஆக்கி, எல்லோருக்கும் பரிமாறி, ஆறிப்போன பிறகு கடைசியில் உட்காருகிறவளுக்கு, சூடான இலைக்கு முன்னால் முதலில் உட்காருவதே ஒரு பண்டிகை என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

உட்காருவது என்பது அந்த மண்ணில் சாதாரண விஷயமாகவும் இருந்ததில்லை. திருவிதாங்கூர் அரசாங்கம் ஊட்டுப்புரைகள் வைத்துப் பிராமணர்களுக்கு இலவசமாக அன்னமிட்ட காலம் ஒன்று உண்டு. அதே காலத்தில் வேறு பல ஜாதியார் கோயில் தெருவில் நடக்கவே முடியாது; பந்தியில் உட்காருவது எங்கே? அந்த நாளில்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) ஜாதி பாராமல் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்துச் சமபந்தி போஜனம் நடத்தினார். திருவிதாங்கூரில் கோயில்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்ட பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். அதற்கு எத்தனை வருஷங்கள் முன்னால் இது நடந்திருக்கிறது, பாருங்கள்! நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிறவர்கள் சாமித்தோப்புக்கும் ஒரு நடை போய் வரலாம். அரிசியும் காய்கறிகளும் ஒன்றாகச் சேர்த்து ஆக்கும் "உம்பான் சோறு" அய்யாவின் பதிகளில் வழங்கப்படும் உணவு. அது ஓட்டலும் அல்ல, விருந்தும் அல்ல. ஆனால் வெளியே சாப்பிடுவதைப் பற்றி எழுதுகிறவள் அதை விட்டுவிட்டால் கணக்கு சரியாகாது.

பெண்களுக்கோ பழைய காப்பிக் கடைகளில் தட்டி வைத்து மறைத்த "குடும்ப அறை" ஒன்று இருக்கும். காற்று வராது, பரிமாறுகிறவரும் சீக்கிரம் வரமாட்டார்! இன்றைக்கு நாகர்கோவில் ஓட்டல்களில் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேராக வந்து நடுக்கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

சாயங்காலம்தான் அந்த ஊர் உண்மையில் விழித்துக்கொள்கிறது. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிகள் நிறையும் நேரம். ஏத்தம்பழ பஜ்ஜி பொன்னிறமாக அடுக்கியிருக்கும். ஏத்தன் என்பது நாம் நேந்திரன் என்று சொல்கிறோமே, அதே பழம். ஆனால் கெட்டிக்காரர்கள் கேட்பது ரசவடை. பருப்பு வடையைச் சுடச்சுட ரசத்தில் ஊறப்போட்டு, கிண்ணத்தில் ரசத்தோடு தருவார்கள். வடை முழுக்கக் கரைந்துவிடவும் கூடாது, நடுவில் உலர்ந்து நிற்கவும் கூடாது. அந்தப் பதம் கடைக்காரருக்குத் தெரியும், நாம் பேச்சில் நேரத்தைப் போக்காமல் இருந்தால் போதும். தயிர் வடைக்கும் சாம்பார் வடைக்கும் நாடெங்கும் மரியாதை கிடைத்திருக்க, இந்த மூன்றாவது தங்கை மட்டும் பிறந்த வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதது ஏனோ!

சிப்ஸ் வாங்குவதாக இருந்தால், பொட்டலத்தை வாங்காதீர்கள். போடுகிற கடையில் நின்று வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்த கொப்பரைக்கு நேர் மேலேயே சீவுபலகையைப் பிடித்து, ஏத்தன்காயைச் சரசரவென்று சீவுவார்கள். வில்லைகள் மொறுமொறுக்கும் சமயத்தில் உப்பு நீரை ஒரு கரண்டி எண்ணெயிலேயே விடுவார்கள். கொப்பரை ஒரு தடவை சீறி அடங்கும். உப்பு எல்லா வில்லையிலும் ஒரே சீராகப் பிடிப்பது இதனால்தான். வீட்டில் இதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிற சகோதரிகள் அடுப்பிலிருந்து எட்டி நிற்கவும்! கூடவே வெல்லப் பாகும் சுக்கும் பூசிய சர்க்கரை வரட்டியும், சிறுபயறும் வெல்லமும் சேர்த்து உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்தும் வாங்கிக்கொள்ளலாம். முந்திரிக்கொத்தில் முந்திரிப் பருப்பைத் தேட வேண்டாம்.

மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் வழியில் போனால் வேறொரு உலகம். அங்கே ராணி மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடும்படி ஜனங்களை ஊக்கினார். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கினால்தான். பஞ்சத்துக்கு வந்த பண்டம் இன்று ஆசைக்குத் தின்னும் பண்டமாகிவிட்டது. தேங்காயும் பச்சை மிளகாயும் சதைத்துப் போட்டு மசித்த கிழங்கு, பக்கத்தில் குளச்சலிலோ முட்டத்திலோ கரையேறிய சாளை மீன் குழம்பு. நெத்திலி அகப்படும் நாளில் மாங்காய் போட்ட மீன் அவியல் உண்டா என்று கேளுங்கள். அவியல் என்றதும் காய்கறி என்று நினைத்துச் சைவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விவேகானந்தர் பாறையைத் தரிசிக்க வடக்கேயிருந்து யாத்திரிகர்கள் வந்தவண்ணம் இருப்பதால், அங்கே வங்காளிச் சாப்பாடும் குஜராத்திச் சாப்பாடும் போடும் கடைகள் உண்டு. தமிழ் நாட்டின் தென் கோடியில் நின்றுகொண்டு வங்காளத்துச் சோறு சாப்பிடலாம். நாஞ்சில் நாட்டுப் புளிசேரிக்கு இருபது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும்!

ஓணத்தை ஒட்டிப் போக முடிந்தால் இன்னும் விசேஷம். அந்த நாட்களில் வீட்டோடு இருக்கும் எரிசேரி, இஞ்சிக் கறி, ஓலன், அடைப் பிரதமன் எல்லாம் ஓட்டல் இலைக்கும் வந்துவிடும். முன்கூட்டியே சொல்லி வைத்து இடம் பிடிக்க வேண்டும். பாயசத்தை இலையில் விட்டதும் ஒரு பப்படத்தையும் ஒரு பழத்தையும் அதில் பிசைந்து சாப்பிடுவது ஊர் வழக்கம். முதலில் திகைப்பாக இருக்கும். இரண்டாவது கவளத்தில் சரியாகிவிடும்.

அந்தப் பழம் மட்டியாக இருந்தால் உத்தமம். விரல் நீளம், மெல்லிய தோல், தேன் போன்ற வாசனை. கைக்குழந்தைகளுக்கு முதன்முதலில் ஊட்டுவதும் இதைத்தான். 2023-ல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடசேரி கனகமூலம் சந்தையில் குலை குலையாகத் தொங்கும். முதல் நாளே வாங்கி வைத்துவிடாதீர்கள். பழுத்த மட்டி ரயில் பிரயாணத்தைத் தாங்காது. ஊர் திரும்புகிற அன்று காலையில் போய், காம்புப் பக்கம் பச்சை மாறாத சீப்பாகக் கேட்டு வாங்கி, பெட்டிக்குள் திணிக்காமல் கையில் தூக்கிக்கொண்டு வாருங்கள்.