ஓடாத வாகனமும் உயிரிழக்கும் பற்றரியும்

உம்றாவுக்கோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடமோ புறப்படும் நம்மவர்கள் வீட்டைப் பூட்டி, கேஸ் சிலிண்டரை மூடி, தண்ணீர்க் குழாயையும் நிறுத்திவிட்டுத்தான் செல்கின்றனர். வாசலில் நிற்கும் வாகனத்தின் பற்றரியை மட்டும் எவரும் நினைப்பதில்லை. ஒன்றரை மாதம் கழித்து வந்து சாவியைத் திருகும்போது 'டக்' என்ற சத்தம் மட்டுமே கேட்கின்றது. 2020 ஊரடங்கின்போதும், 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் இதே கதைதான். வாகனம் ஓடவில்லை, ஆனால் பற்றரிக்குப் பல பத்தாயிரம் ரூபா செலவாயிற்று.

பற்றரியைக் கெடுப்பது குளிர் என்றே பலர் நினைக்கின்றனர். கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள உறவினர்கள் பனிக்காலத்தில் வாகனம் ஸ்டார்ட் ஆகாத கதைகளைச் சொல்வதே இதற்குக் காரணம். குளிரில் பற்றரியின் வலு குறைவது உண்மை. மின்சாரம் தீர்ந்த பற்றரியின் அமிலம் ஏறத்தாழத் தண்ணீராகிவிடுவதால் பூச்சியத்துக்குக் கீழ் ஏழெட்டுப் பாகையிலேயே அது உறைந்து வெடித்துவிடும். முழுமையாகச் சார்ஜ் ஏறிய பற்றரியோ பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகையிலும் உறையாது. எனவே அங்கும் குற்றவாளி குளிரல்ல, சார்ஜ் இல்லாமையே.

நமது நாட்டில் எதிரி வெப்பம். சூடு 10 பாகை கூடினால் பற்றரி தானாகவே சார்ஜ் இழக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நுவரெலியாவில் நிற்கும் பற்றரியைவிட, மட்டக்களப்பு வெயிலில் தகரக் கொட்டிலின் கீழ் நிற்கும் பற்றரி விரைவில் கிழடாகிவிடும்.

இதைவிட நம் கண்ணுக்குத் தெரியாத செலவொன்றும் உண்டு. வாகனத்தை நிறுத்திய பின்னரும் அலாரம், மணிக்கூடு, கணினி ஆகியன சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 0.72 அம்பியர் மணி. 40 அம்பியர் மணிப் பற்றரியில் நான்கு வாரத்தில் 20 போய்விடும். அதாவது சரிபாதி! கடையில் கல்லாப்பெட்டியிலிருந்து தினமும் சில்லறை போவதைப் போன்றது இது. மாத முடிவில்தான் நட்டம் தெரியும்.

சார்ஜ் இறங்கும்போது பற்றரியினுள் உள்ள ஈயத் தகடுகளில் ஒரு வெள்ளைப் படிவு உண்டாகின்றது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப்போய், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு வராது.

நீண்ட பயணம் செல்வோர் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று:

1. புறப்பட முன் பற்றரியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். சில மணித்தியாலங்கள் ஓய்வுக்குப் பின் மீற்றரில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.4க்கு இறங்கினால் மீண்டும் ஏற்ற வேண்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது.

2. கறுப்பு வயரை, அதாவது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மீண்டும் பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்டுங்கள். சில வாகனங்களில் ரேடியோவுக்கு இரகசிய இலக்கம் கேட்கும் என்பதால் அதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

3. மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் நீர் மட்டத்தைப் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விட வேண்டும். கிணற்று நீரோ, அமிலமோ கூடாது.

4. முனைகளில் பூத்திருக்கும் படிவை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து வஸ்லின் பூசுங்கள். அந்த நீர் பற்றரியினுள் செல்லக் கூடாது.

5. சார்ஜ் ஏற்றும்போது ஐதரசன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். அருகில் சிகரட் வேண்டாம், பிள்ளைகளையும் விட வேண்டாம்.

சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்பது அக்கால ரப்பர் பெட்டிகளின் கதை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

வீட்டில் இருப்பவரிடம், "ரெண்டு நாளைக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க" என்று சொல்லிச் செல்வோர் பலர். இதனால் பயன் குறைவு. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட அந்த ஐந்து நிமிடத்தில் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். வாரம் ஒருமுறை அரை மணித்தியாலமாவது ஓட்டுவதே சரி. வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து பள்ளிக்கும் மட்டும் ஓடும் வேன்களின் பற்றரி விரைவில் கெடுவதும் இதனால்தான். ஹைபிரிட் வாகனங்களிலும் தனியாகச் சிறியதொரு 12 வோல்ட் பற்றரி உண்டு. அது இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் வாகனம் அசையாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய வாகனங்களைக் கொண்டே பிழைப்பு நடத்துவோர் நம்மில் அதிகம். அவர்களுக்கு ஒரு காலைப்பொழுது வேன் நின்றால் அன்றைய வருமானமே நின்றுவிடும்.

இறுதியாக, என்னைப்போன்ற வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கடைத் தட்டில் நிற்கும் பற்றரியும் சார்ஜ் இழந்துகொண்டே இருக்கின்றது. மாதக்கணக்கில் கிடந்ததைத் துடைத்துப் புதியதென்று விற்பது, ஈரமான தானியத்தை உள்ளே மறைத்து மேலே உலர்ந்ததைக் காட்டுவதற்குச் சமம். அதை நபி (ஸல்) அவர்கள் சந்தையிலேயே கண்டித்தார்கள். பழைய சரக்கை இடையிடையே சார்ஜ் செய்து, வாடிக்கையாளர் முன்னிலையில் மீற்றர் வைத்துக் காட்டிக் கொடுப்போம். வாங்குவோரும் தயாரிப்புத் திகதியைக் கேட்கத் தயங்க வேண்டாம். பழைய பற்றரியின் ஈயத்துக்குப் பெறுமதி உண்டு. அதைக் கானில் வீசாமல் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.