கடைசி ஆசனம்

மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுகிறவர் எவராயினும் முதலிற் செய்வது ஒன்றுதான். சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்து, சுக்கானைப் பிடித்துப் பார்த்து, மனத்துக்குள் மகிழ்ந்துகொள்வார். நானும் அப்படியே செய்தேன். அது பிழையான தொடக்கம் என்பதை, முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த எனக்கு, என் தமக்கையார் கற்பித்தார். ஏழு பேருள்ள ஒரு குடும்பத்துக்கு நம்பகமான ஜீப் வண்டி ஒன்றைத் தெரிவு செய்த கதையை இங்கே எழுதுகிறேன். வாகன வியாபாரிகளுக்கு இதனால் இலாபம் எதுவுமில்லை. எம்மைப்போன்ற குடும்பங்கள் சிலவற்றுக்குப் பயன்பட்டாற் போதும்.

என் சிறு வயதில் எங்கள் ஒழுங்கையில் ஓர் ஒஸ்ரின் ஏ40 கார் நின்றது, வாடகைக்கு ஓடுவது. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் அதில் ஒன்பது பேர், பத்துப் பேர் ஏறுவோம். மடியில் ஒருவர், அவர் மடியில் இன்னொருவர். ஆசனங்களை யாரும் எண்ணியதில்லை. அவ்வினக் கார்கள், 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், மண்ணெண்ணெயிலும் ஓடின. நம்பகம் என்ற சொல்லுக்கு எங்களூரார் பொருள் கற்றது அவற்றிடந்தான். இன்று ஆளுக்கு ஓர் ஆசனம், ஆசனத்துக்கு ஒரு பட்டி என்பது முறை. அம்முறை நல்லதே. ஆயினும், ஆசனம் ஐந்தும் ஆட்கள் ஏழுமாய் அமைந்த வீட்டில் அதனால் ஒரு புதிய துன்பமும் பிறந்தது.

எங்கள் வீட்டில் தொண்ணூறு வயது அம்மா, நான், மனைவி, மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, கணவரை இழந்தபின் எங்களோடு வந்திருக்கும் அக்கா என ஏழு பேர். மகனிடம் இருந்தது ஐந்து ஆசனக் கார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆறு பேர் போவோம், அதுவே தவறு. ஏழாவது ஆள் யார் என்ற வினாவோ எங்கள் வீட்டில் எழுந்ததேயில்லை. பயணத்துக்கு முதல் நாளே அக்கா சொல்லிவிடுவார்: "நீங்கள் போட்டு வாருங்கோ தம்பி. நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்." வீட்டைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்று நாங்களும் நம்பினோம். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

2023ஆம் ஆண்டு வவுனியாவில் எங்கள் சின்ன மாமா காலமானார். அக்காவைச் சிறுவயதிற் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். விடியற்காலையிற் செய்தி வந்தது. அவசர அவசரமாக எல்லோரும் காரில் ஏறினோம். அக்கா படலையடியில் நின்றார். அன்றைக்கும் அதே வார்த்தையைச் சொன்னார். ஒரு வாடகை வானைப் பிடிப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செத்த வீட்டில் மாமி என்னைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி, "அக்கா வரேல்லையோ?" என்பது. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

திரும்பி வரும் வழியில், "அப்பா, எல்லாரும் இருக்கக்கூடிய வண்டி ஒன்று எடுக்க வேணும்" என்றான் மகன்.

சொல்வது எளிது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. திறந்த பின்னரும் வரி மலைபோல் நின்றது. ஆகவே புதிய வண்டி என்ற பேச்சுக்கு இடமில்லை. ஜப்பானில் ஓடிய வண்டியாக இருக்கவேண்டும். அன்றேல் இங்கே பலகாலம் ஓடிய வண்டியாக இருக்கவேண்டும்.

வான் வாங்கினால் என்ன என்று வாசகர் கேட்பர். நியாயமான கேள்வி. ஏழு பேர் வசதியாக இருப்பதற்கு வானே சிறந்தது. அதன் தளம் தட்டையானது, கதவு அகலமானது, கூரை உயர்ந்தது. நல்ல தார் வீதியில் மட்டும் ஓடுகிறவர்கள் அதையே வாங்குவது அறிவு. எங்களுக்குக் கிளிநொச்சிப் பக்கத்தில் வயற்காணி உண்டு. மார்கழி மழையில் அங்கே ஒழுங்கைக்கும் வாய்க்காலுக்கும் வேறுபாடு தெரியாது. நிலத்துக்கும் வண்டியின் அடிக்கும் இடையே இருபது சென்ரிமீற்றராவது இருந்தாலன்றி அவ்வழியே போகமுடியாது. ஆதலால் எங்களூரார் ஜீப் என்று பொதுப்பெயரால் அழைக்கும் உயர்ந்த வண்டிகளையே தேடினோம்.

கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்தில் அழகான வண்டி ஒன்று நின்றது. அக்காவைக் கண் வைத்தியரிடம் காட்டவேண்டியிருந்ததால் அன்று அவரும் எங்களுடன் வந்திருந்தார். "ஏழு ஆசனம், சேர்" என்றார் விற்பனையாளர். மகன் சுக்கானைப் பிடித்துப் பார்த்தான், நானும் பார்த்தேன். பின்னர், இரண்டாம் வரிசை ஆசனம் ஒன்றை மடித்துப் பின்னே போகும் வழியைக் காட்டினார். எழுபத்தொரு வயது அக்கா சேலையை ஒதுக்கிப் பிடித்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மறுகாலை இழுத்து ஒருவாறு ஏறினார். அமர்ந்தபோது முழங்கால் நெஞ்சுக்கு அண்மையில் நின்றது. தலை கூரையைத் தொட்டது.

"எப்பிடி அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு இது காணும் தம்பி" என்றார்.

இந்தக் "காணும்" என்ற சொல்லை என் வாழ்நாள் முழுவதும் கேட்டுவந்திருக்கிறேன். எல்லோருக்கும் பரிமாறியபின் சட்டியில் மிஞ்சிய சோற்றைப் பார்த்தும் அவர் அதையேதான் சொல்வார். அன்று ஏனோ நான் அதை நம்பவில்லை. அவரை இறக்கிவிட்டு நானே ஏறிப் பத்து நிமிடம் இருந்தேன். ஐந்தாம் நிமிடத்தில் தொடை மரத்துப்போயிற்று. இறங்கி வந்து மகனிடம் சொன்னேன்: "இது ஏழு ஆசனமில்லை மோனே. ஐந்து ஆசனமும் இரண்டு தண்டனையும்."

அன்று தொடக்கம் எங்கள் தேடல் தலைகீழாயிற்று. எந்த வண்டியைப் பார்த்தாலும் கடைசி ஆசனத்திலிருந்தே பார்க்கத் தொடங்கினோம்.

மூன்று வரிசை புதிய கண்டுபிடிப்பன்று. 1935இலேயே அமெரிக்காவின் செவ்ரொலே நிறுவனம், லொறியின் சட்டத்தின்மேல் உருக்கு உடலை வைத்து, எட்டுப்பேர் மூன்று வரிசையில் இருக்கக்கூடிய சபேர்பன் வண்டியைச் செய்தது. இன்றும் ரொயோற்றா பிராடோ, போர்ச்சுனர் முதலியவை ஏணிபோன்ற தனிச் சட்டத்தின்மேல் அமைந்தவையே. பாரத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் அவை வலியவை. ஆனால் அவற்றின் பின்சில்லு இரண்டையும் இணைக்கும் அச்சு ஒரே துண்டு. பள்ளத்தில் விழுந்தெழும்போது அச்சு முழுவதும் மேலெழும். அதற்கு இடம் விடுவதற்காகப் பின்தளத்தை உயர்த்துகிறார்கள். தளம் உயர்ந்தும் கூரை உயராதபடியால் ஆசனத்தைத் தளத்தோடு ஒட்ட வைக்கவேண்டியதாகிறது. முழங்கால் நெஞ்சுக்கு வருவதன் இரகசியம் இதுவே. 2002ஆம் ஆண்டு மாதிரியான போர்ட் எக்ஸ்புளோரரில் பின்சில்லுகளைத் தனித்தனியே இயங்கவிட்டார்கள். தளம் தாழ்ந்தது, மூன்றாம் வரிசைக்கு இடம் பிறந்தது.

பெயரை மட்டும் நம்பியும் ஏமாறக்கூடாது. மிற்சுபிசி அவுட்லாண்டரின் பெற்றோல் வகையில் ஏழு ஆசனம் பெறலாம். 2013இல் வந்த, மின்னேற்றி ஓட்டும் கலப்பு வகையிலோ ஆசனம் ஐந்தே. பின்புற மின்மோட்டாருக்காக மூன்றாம் வரிசையைக் கைவிட்டிருந்தார்கள். 2021இல் வந்த அடுத்த தலைமுறையிலேதான் அவ்வகைக்கும் ஏழு ஆசனம் கிடைத்தது.

இடம் இருந்தாற் போதுமா? பாதுகாப்பும் வேண்டும். இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை ஆசனப்பட்டியை, சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தில் நீல்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் 1959இல் அமைத்தார். எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தும்படி அந்த உரிமையை வொல்வோ திறந்துவிட்டது. அத்தகைய பட்டி கடைசி வரிசையிலும் உண்டா, தலையணை தலையின் உயரத்துக்கு எழுகின்றதா, பக்கவாட்டில் விரியும் காற்றுத்திரை கடைசிக் கண்ணாடி வரை எட்டுகின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2022இற் புதுப்பித்த முன்மோதற் சோதனையில், சாரதிக்குப் பின்னாலும் ஒரு பொம்மையை இருத்தத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பொம்மையும் இருப்பது இரண்டாம் வரிசையில். கடைசி வரிசையைப் பற்றி நாமேதான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கணக்கு வாத்தியாருக்கு நிறையின்மேலும் ஒரு கண். ஜப்பானிய வாகனப் பத்திரத்தில் ஓர் ஆளின் நிறையை 55 கிலோ என்றே கணக்கிடுவார்கள். ஏழு பேருக்கு 385 கிலோ. எங்கள் ஏழு பேரையும் கூட்டினேன்: 393. பேத்தியின் இருபது கிலோ இல்லாத வீட்டில் இது இன்னும் கூடும். அதன்மேல் அரிசி மூடை வேறு. மூன்றாம் வரிசையை நிமிர்த்தியபின் பின்னால் ஒரு பைக்குத்தான் இடம் இருக்கும். மூடையைக் கூரையில் கட்டுவார்கள். உயர்ந்த வண்டியின் கூரையில் பாரம் ஏறினால் கவிழும் அபாயமும் ஏறும். சறுக்கும்போது சில்லுகளைத் தனித்தனியே தடுத்து வண்டியை நேர்ப்படுத்தும் மின்னணுச் சமநிலைக் கருவியை, 2012 மாதிரி ஆண்டு தொடக்கம் அமெரிக்கா கட்டாயமாக்கியதற்கு இத்தகைய விபத்துக்களும் ஒரு காரணம். அக்கருவி இல்லாத வண்டியை நாங்கள் தொடவில்லை. மூடையை லொறியில் அனுப்புவதென்றும் முடிவு செய்தோம்.

நம்பகத்தைப் பற்றி எங்களூர் மோட்டார் திருத்துநர் ஒருவரிடம் கேட்டேன். எந்த நிறுவனம் நல்லது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். "இந்த வண்டி எங்கடை ஊரிலை எத்தினை ஓடுது? சாமான் உடைஞ்சால் எங்கை எடுப்பியள்? முந்தி வைச்சிருந்தவர் எண்ணெய் மாத்தினவரோ?" நூறு விளம்பரத்தைவிட இம்மூன்றும் எனக்கு உதவின. ஊரிற் பல ஓடினால் அதன் நோயும் மருந்தும் பலருக்குத் தெரியும். வேகமாற்றிப் பெட்டியின் எண்ணெயை ஒருபோதும் மாற்றாதவரிடம் எந்த நல்ல வண்டியும் கெட்டுப்போகும். ஒரு மாதிரி வெளிவந்த முதலாண்டு வண்டியைவிட, குறைகளைத் திருத்தியபின் வந்த பிற்கால ஆண்டு வண்டி மேலானது. கலப்பு வகையாயின் மின்கலத்தின் நிலையைச் சோதித்து, புதியதன் விலையையும் முன்கூட்டியே கேட்டுவைக்கவேண்டும். ஜப்பானிலிருந்து வந்ததாயின் ஏல மன்றத்தின் பரிசோதனைத் தாளைக் கேட்கவேண்டும். அதில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால், விபத்துக்குப்பின் திருத்திய வண்டி என்று பொருள். ஓடிய தூரத்தையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஈற்றில் நாங்கள் வாங்கிய வண்டியின் பெயரை எழுதினால் அது விளம்பரமாகிவிடும். பத்து வயதான வண்டி. மகன் முதலில் ஆசைப்பட்டதைவிடப் பார்வைக்குச் சாதாரணமானது. வெளித்திரை மினுக்கமும் தோலாசனமும் இல்லை. ஆனால் இரண்டாம் வரிசை முன்னும் பின்னும் நகரும். கடைசி ஆசனத்தில் முழங்கால் கீழேயே நிற்கும். வாங்குமுன் நானும் மனைவியும் அதிலிருந்து ஒரு மணிநேரம் ஓடிப் பார்த்தோம்.

முதற் பயணம் சின்ன மாமாவின் திவசத்துக்கு. வவுனியாவுக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஏறுவதற்கு எளிதான முன்னாசனத்தில் அம்மா. நடுவில் அக்காவும் மருமகளும், தனக்குரிய சிறு ஆசனத்தில் பேத்தியும். கடைசியில் நானும் மனைவியும். புறப்படும் வேளையில் அக்கா பழக்கத்தினாற் படலையடியில் நின்றுகொண்டு, "வீட்டுக்கு ஒராள் வேணுமெல்லோ தம்பி?" என்றார்.

"பூட்டுக் காணும் அக்கா" என்றேன்.

வீட்டைப் பூட்டினோம். திறப்பை அக்காவே கையில் வைத்துக்கொண்டு வந்தார். மாமாவின் படத்துக்கு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. இரவு திரும்பி வந்து பார்த்தபோது, வீடு வைத்தது வைத்தபடியே இருந்தது.