பழைய எலும்புகள் கூறும் கால்நடை வரலாறு

கால்நடை இனங்களின் தோற்றத்தை அறிய, இன்றுள்ள விலங்குகளை மட்டும் ஆராய்தல் போதாது. தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த கலப்பினால் பழைய வேறுபாடுகள் மறைந்துவிட்டன. எனவே, அகழாய்வில் கிடைக்கும் எலும்பு, பல் ஆகியவற்றில் எஞ்சியுள்ள டி.என்.ஏ. எனும் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து அறிவியலார் ஒப்பிடுகின்றனர்.

இம்முறையில் மேற்கு ஆசியாவின் 67 பழங்கால மாடுகளை ஆராய்ந்த முடிவுகள் 2019-ஆம் ஆண்டு வெளியாயின. அங்குத் தொன்றுதொட்டு வளர்க்கப்பட்டவை திமிலற்ற மாடுகள். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன், சிந்து சமவெளித் திமில் மாடுகளின் மரபு அவற்றில் விரைந்து கலந்தது. ஆயினும், தாய்வழியாக மட்டுமே இறங்கும் மரபுக்கூறு மாறவில்லை. ஆகவே, கலப்பிற்குப் பயன்பட்டவை பெரும்பாலும் காளைகளே எனலாம். 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நெடிய வறட்சியில் மந்தைகளைக் காக்கவே அவை தெரிந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டின மாடுகள் 14.21 கோடி, இது 2012-ஆம் ஆண்டைவிட 6 சதவீதம் குறைவு. பால் உற்பத்தியைப் பெருக்கக் கலப்பினங்கள் தேவையே. எனினும், பாலளவு ஒன்றையே கருதி நாட்டினங்களைக் கைவிடுதல் தகாது. வறட்சி தாங்கும் பண்பு ஒருமுறை அழிந்தால் மீளப் பெறுதல் அரிது.